9,363,584 யாருடையது?

மீலாத் மேடைகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம்: "கணக்கையெல்லாம் உலகத்துக்குக் குடுத்தது எங்கட ஆக்கள்தான்." கைதட்டல் விழும். எதை, யார், எப்போது என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஓர் எண்ணின் கதை இருக்கிறது.

220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் 220ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 284 வரும். 284க்கும் அப்படியே செய்தால் 220 வரும். இத்தகைய சோடிக்கு அரபியில் 'முதஹாப்பா' என்று பெயர். ஒன்றையொன்று நேசிப்பவை என்று பொருள். நாம் சொல்லும் 'முஹப்பத்'தின் வேர்தான் இதற்கும். இந்தச் சோடியைத் தாயத்துக்காரர்கள் நட்பை உண்டாக்கப் பயன்படுத்தியதை இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் குறிப்பிடுகிறார். கணித அறிஞர்களோ வேறு கேள்வி கேட்டார்கள்: இப்படி இன்னும் சோடிகள் உண்டா?

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா அதற்கு ஒரு விதியை நிறுவினார். பெரிய எண் ஒன்றில் அதைப் பார்ப்போம். 2ஐ ஏழு தடவை பெருக்கினால் 128. அதை 3ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 383. 128இன் பாதியான 64இல் அதையே செய்தால் 191. 64ஐயும் 128ஐயும் பெருக்க வரும் 8,192ஐ 9ஆல் பெருக்கி 1ஐக் கழித்தால் 73,727. இந்த மூன்றும் முதன்மை எண்களாக அமைந்தால் சோடி கிடைக்கும். இங்கே மூன்றும் முதன்மை எண்களே. 128 × 191 × 383 = 9,363,584. 128 × 73,727 = 9,437,056. முதலாவதன் 31 வகுத்திகளைக் கூட்டினால் இரண்டாவது வரும். இரண்டாவதன் 15 வகுத்திகளைக் கூட்டினால் முதலாவது வரும்.

சுமார் 1300இல் கமாலுத்தீன் அல்-பாரிஸி இவ்விதிக்குப் புதிய நிறுவல் தந்து, 17,296, 18,416 என்ற சோடியையும் காட்டினார். மேலே கண்ட பெரிய சோடியை 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தி கணித்தார். ஐரோப்பாவில் முதற்சோடியை 1636இல் பெர்மாவும் மற்றதை 1638இல் தேக்கார்ட்டும் அறிவித்தார்கள். நீண்ட காலம் நூல்களில் அவர்களது பெயர்களே நின்றன.

உரிமை கோரும்போது நேர்மையும் வேணும். 220, 284 சோடி கிரேக்கரிடமிருந்து வந்தது. தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானைச் சேர்ந்த ஸாபி மதத்தவர். கலீபா முஃததித் அவரைத் தம் அவையில் வைத்து மதித்தார். பிறமதத்து அறிஞருக்கு இடம் கொடுத்த அந்த மனமும் நமது மரபுதானே!

இன்னொன்று. 1,184, 1,210 என்ற சின்னச் சோடி இவர்கள் எல்லாரின் கண்ணுக்கும் தப்பிவிட்டது. தாபிதின் விதிக்குள் அது அடங்காது. 1866இல் அதைக் கண்டுபிடித்தவர் 16 வயது இத்தாலியப் பையன். மேடையில் பெருமை பேசி முடித்த பிறகு, கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிவிடுவோம்.