சத்திரசிகிச்சைக் கூடத்திற் பேச்சும் மௌனமும்

1846 ஆம் ஆண்டு திசெம்பர் 21 ஆம் திகதி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையில், றொபேட் லிஸ்ரன் என்னும் சத்திரவைத்தியர் ஈதர் ஆவியால் உணர்விழந்திருந்த நோயாளி ஒருவரின் காலை ஏறத்தாழ அரை நிமிடத்தில் அறுத்து நீக்கினார். நோயாளி நோவறியாது கிடக்க அத்துணை விரைவு எதற்கு என்ற வினா எழலாம். லிஸ்ரன் தொழில் பயின்றது ஈதர் அறியப்படாத காலத்தில். உணர்வோடு துடிக்கும் உடலைப் பிறர் அழுத்திப் பிடித்திருக்க, அறுப்பவரின் கைவேகமே நோயாளிக்குக் காட்டத்தக்க கருணையாக இருந்தது. அங்கே கலந்துபேச நேரமில்லை. கட்டளையிடுபவர் ஒருவர், ஏனையோர் குறிப்பறிந்து ஒழுகுபவர். சத்திரவைத்தியரின் தனியாட்சி செருக்கினாற் பிறந்ததன்று, தேவையினாற் பிறந்தது எனலாம்.

தேவை நீங்கிய பின்னரும் அவ்வாட்சி நீங்கவில்லை என்பதே நோக்கற்பாலது. மயக்கமருந்து விரைவின் அவசியத்தைப் போக்கிற்று. 1867 இல் யோசேப்பு லிஸ்ரர் வெளியிட்ட கிருமியழிப்பு முறை நீண்ட, நுணுக்கமான சிகிச்சைகளுக்கு வழிதிறந்தது. மயக்கமருந்து கொடுப்பவர், கருவிகளை எடுத்து நீட்டும் தாதி, உதவி வைத்தியர் எனக் கூடத்தில் நிற்போர் தொகை பெருகிற்று. ஒவ்வொருவரும் மற்றவர் அறியாத ஒன்றை அறிந்திருந்தனர். ஆயினும் பேசும் உரிமை மட்டும் பகிரப்படவில்லை. பஞ்சுத்துணிகளின் கணக்கில் ஒன்று குறைவதைக் கண்ட தாதியும், வலப்பக்கமா இடப்பக்கமா என ஐயுற்ற இளைய வைத்தியரும் தலைவரின் முகத்தைப் பார்த்தே வாய்திறக்க வேண்டியிருந்தது.

இத்தகைய மௌனத்தின் விலையை முறையாக ஆராயத் தொடங்கியோர் விமானத்துறையினர். 1977 மார்ச் 27 இல் தெனரிவ் தீவில், மூடுபனியினூடே, இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதியதில் 583 பேர் மாண்டனர். மற்றைய விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என டச்சு விமானத்தின் பொறியியலாளர் வினவினார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகக் கூறவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. அத்தலைமை விமானி தம் நிறுவனத்தில் ஏனைய விமானிகளைப் பயிற்றுவித்தவர். 1979 இல் நாசா நிறுவனம் இத்தகைய விபத்துகள் குறித்து ஆய்வரங்கொன்றைக் கூட்டிற்று. இளையோர் ஐயத்தை வெளியிடவும் மூத்தோர் அதனைக் கேட்கவும் பயிற்றும் முறை அதன்பின் உருவாயிற்று. 1990 ஐ அண்டிய ஆண்டுகளில் ஸ்ரான்வோட் பல்கலைக்கழக மயக்கமருந்து வைத்தியர் டேவிட் காபாவும் அவர்தம் குழுவினரும் அதனை மருத்துவத்துக்குக் கொணர்ந்தனர்.

2008 இல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலொன்றை வெளியிட்டது. தோலைக் கீறுமுன் குழுவினர் யாவரும் தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாள்தோறும் கூடிப் பணிபுரிவோர்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஒருமுறை வாய்திறந்தவர்க்கு மறுமுறை பேசுதல் எளிது என்பதே இதன் உட்பொருள். இலண்டன், புதுதில்லி, மணிலா, தன்சானியாவின் இபாக்காரா முதலாய எட்டு இடங்களிற் பரீட்சித்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்ததென 2009 இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வு, பட்டியல் புகுத்தப்பட்டபின் குறிப்பிடத்தக்க பயன் எதனையும் காணவில்லை. பட்டியல் ஏறத்தாழ முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதாகவே அவ்வைத்தியசாலைகள் அறிவித்திருந்தன. காரணம் பற்றிய கருத்து வேறுபாடு உண்டெனினும், தாளிற் குறியிடுதலும் ஒருவரோடொருவர் பேசுதலும் ஒன்றல்ல என்ற விளக்கமே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் பற்றி 2010 இல் வெளிவந்த ஆய்வு இதற்கு அரணாகின்றது. அங்கே சத்திரவைத்தியரும் தாதியரும் ஒருங்கமர்ந்து பயின்றனர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கூடிப் பேசினர். ஓராண்டு காலம் தொடர்ந்து வழிகாட்டப்பட்டனர். பயிற்சி பெற்ற 74 நிலையங்களில் இறப்பு வீதம் 18 வீதத்தாற் குறைய, அதனைப் பெறாத 34 நிலையங்களில் 7 வீதத்தாலேயே குறைந்தது.