பழுதுபார்த்தவர் பெயர்: மட்டாஞ்சேரியின் ஈரமும் வாடகை வீடும்

மட்டாஞ்சேரிக்கு வருவோர் தவறாமல் பார்த்துச் செல்லும் கட்டடம் ‘டச்சு அரண்மனை’. அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பின்னர் அதைப் பழுதுபார்த்து விரிவாக்கினர். பெயர் அவர்களைச் சேர்ந்துவிட்டது. கட்டியவர் பெயர் மறைந்து, பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்த கட்டடம் அது.

அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில், ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய வீடொன்றின் மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். சென்ற கர்க்கடக மாதத்தில் என் களஆய்வுக் குறிப்பேடுகள் இரண்டில் பூஞ்சணம் படர்ந்து, மையெழுத்து கலைந்துபோயிற்று. வீட்டு உரிமையாளரிடம் சொன்னபோது, “மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும்” என்றார். கீழ்வீட்டில் வாழும் தமிழ் மூதாட்டியோ, “இடவப்பாதிக்கு முன்னாடி ஓட்டு மேலே ஆள் ஏத்திப் பார்த்தியா தம்பி?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு வரலாற்று வினா இருக்கிறது. வாடகை வீட்டை உலர்வாகவும் கதகதப்பாகவும் வைத்திருப்பது யாருடைய வேலை?

முதலில், கொச்சியில் குளிர்காலம் எது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கும் தொல்காப்பிய மரபில் காருக்குப் பின் கூதிரும், அதன்பின் முன்பனியும் பின்பனியும் வருகின்றன. கொச்சியில் பனி என்று சொல்லத்தக்க பருவம் இல்லை. இங்கே பகல் வெப்பம் மிகவும் தாழ்வது ஜனவரியில் அன்று. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலையில். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. துவைத்த துணி உலராது. படுக்கை விரிப்பு ஈரம் தாங்கும். சுவரைத் தொட்டால் கை சில்லிடும். ஆகவே மட்டாஞ்சேரியில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது என்பதற்கு அதை உலர்வாக வைத்திருப்பது என்றே பொருள்.

கூரை ஒழுகுவதை மலையாளத்தில் ‘சோர்ச்ச’ என்பர். ‘கண்ணீர் சோர’ என்று நாம் எழுதும் அதே வினைதான். தமிழில் அது இன்று இலக்கிய வழக்காகவும் உடல் தளர்ச்சியைக் குறிப்பதாகவும் சுருங்கிவிட்டது; மலையாளத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் ஒலிக்கும் சொல்லாக இருக்கிறது.

பழைய வீடுகளில் பராமரிப்பு கட்டடப் பொருளிலேயே அடங்கியிருந்தது. தென்னோலை வேய்ந்த கூரையை ஆண்டுதோறும் மாற்றியே ஆக வேண்டும். எனவே பழுதுபார்ப்பு நாட்காட்டியில் இடம்பெற்ற ஒரு சடங்குபோல நடந்தது. மலபாரில் வீட்டுக்கு ஓடு வேய அரசரின் அனுமதி தேவைப்பட்ட காலம் உண்டு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னரே மேற்குக் கடற்கரையில் ஓட்டுக்கூரை பரவலானது. ஓடு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஓர் ஓடு நழுவினாலும் நீர் இறங்கும். நழுவியது எது என்பதை மேலே ஏறியவர் மட்டுமே அறிவார்.

சுவர்கள் பெரும்பாலும் வெட்டுக்கல்லால் ஆனவை. 1800இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் கண்ட இந்தக் கல்லுக்கே ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். 1807இல் அவருடைய நூல் வெளிவந்தது. வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்ட பின் இறுகியும் விடும் இக்கல் நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் பூசப்பட்டது வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு, சுவர் குடித்த ஈரத்தை மழை ஓய்ந்ததும் வெளியே விட்டுவிடும். இன்று அதன்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் பூசுகிறோம். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப் பூஞ்சணமாக அறைக்குள் மலர்கிறது. சுண்ணாம்புச் சாந்தை மலையாளத்தில் ‘கும்மாயம்’ என்பர். மணிமேகலையில் கும்மாயம் என்பது குழையச் சமைத்த பயற்றுணவு. இரண்டையும் ஒரே சொல்லென நிறுவ நான் முற்படவில்லை. இரண்டுமே கை ஓயாமல் குழைத்துச் செய்பவை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அடுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விறகடுப்பின் புகை மேலே பரணையும் கூரை மரங்களையும் உலர்த்தி, பூச்சி அண்டாமல் காத்தது. எரிவாயு அடுப்பு பெண்களின் நுரையீரலைக் காப்பாற்றியது. கூரைக்கு அந்தப் பாதுகாப்பு போயிற்று. இழப்பை மட்டும் பேசி அந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

இதே மட்டாஞ்சேரியில் உலர்வைக் காப்பதில் தேர்ந்த கட்டடங்கள் இருந்தன: பஜார் சாலையின் பாண்டிகசாலைகள், அதாவது நம் பண்டகசாலைகள். மிளகின் ஈரப்பதம் சுமார் 12 விழுக்காட்டைக் கடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மூட்டைகள் தரையைத் தொடாமல் பலகைமேல் அடுக்கப்பட்டன, காற்றோட்டம் பேணப்பட்டது. மிளகு நனைந்தால் நட்டம் கணக்கில் ஏறும். உடனே கூரைமேல் ஆளும் ஏறுவார். குடியிருப்பவர் நனைந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டமும் ஏறத்தாழ இப்படியே எழுதப்பட்டிருக்கிறது. மலபாரில் குத்தகை நிலத்தில் மரம் நட்டு, கிணறு வெட்டி, நிலத்தை மேம்படுத்தியவருக்கு, வெளியேறும்போது ஈடு பெறும் உரிமை வழக்காற்றில் இருந்தது. 1887ஆம் ஆண்டின் மலபார் குத்தகைதாரர் மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டம் அதற்கு எழுத்துவடிவம் தந்தது. நகர வாடகைக்கு வேறு தர்க்கம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளைச் செய்யாவிட்டால் வாடகைதாரரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதே பிரிவு அடுக்கும் உரிமையாளர் கடமைகளில் பழுதுபார்ப்பு இல்லை. வாடகைதாரரோ, இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும். தாம் பொருத்தியவற்றைக் கழற்றிச் செல்லலாம். மின்விசிறியைக் கழற்றலாம், ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பை எப்படிக் கழற்றுவது?

அந்தச் சட்டம் வந்தபோது மட்டாஞ்சேரி கொச்சி அரசிலும், அருகிலிருந்த கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் மலபாரிலும் இருந்தன. சில தெருக்கள் கடந்தால் சட்டம் மாறும். 1967இல் எர்ணாகுளத்தோடு இணைந்து இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. அதற்குள் 1965ஆம் ஆண்டின் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அது வாடகைதாரரைக் காத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் வாடகை உயராத வீட்டில் பணம் போட உரிமையாளருக்கு ஆர்வம் குறைந்தது. மறுகட்டுமானம் தேவை என்பதும் வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாக அச்சட்டத்தில் உள்ளது. புதிய கட்டடத்தில் முதல் உரிமை பழைய வாடகைதாரருக்கு என்று சொல்லப்பட்டிருந்தாலும், அதை நம்பி வெளியேற அஞ்சுபவர்கள் பலர். ஆகவே ஒழுகும் கூரையைப் பற்றி உரக்கப் புகார் செய்வதே ஆபத்தாகிறது. வாளியை வைத்துவிட்டு மௌனமாக இருக்கிறார்கள்.

கட்டியவர்களின் வரலாறு கல்வெட்டிலும் கோப்பிலும் கிடைக்கிறது. வாங்கி விற்றவர்களின் வரலாறு பத்திரத்தில் கிடைக்கிறது. ஒவ்வோர் இடவப்பாதிக்கு முன்னும் ஓடு மாற்றி, சுண்ணாம்படித்து, வாளி வைத்து இந்த வீடுகளை நிற்கவைத்தவர்களின் வரலாற்றுக்குச் சான்று மிகக் குறைவு. சட்டமொழியில் அவர்கள் உழைப்பின் பெயர் ‘தேய்மானம் நீங்கலாக’. அரண்மனையைப் பழுதுபார்த்தவருக்கு அதன் பெயரே கிடைத்தது. இவர்களுக்கு வாடகை ரசீது மட்டும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய வாடகைச் சீட்டு, கூரை வேய்ந்த கூலிக் கணக்கு, உரிமையாளருக்கு எழுதிய முறையீட்டுக் கடிதம் எதுவாயினும் இருந்தால், எறிந்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். மழை தொடங்குவதற்குள் அவற்றை உலர்ந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள். என் மாடியில் இந்த வாரம் ஆள் ஏறுகிறார். ஓட்டுக்கான செலவை ஒரு தாளில், தேதியிட்டு, எழுதி வைக்கப்போகிறேன்.