சிறுநீர் நுண்பைகளிலிருந்து ஆர்.என்.ஏ பிரித்தெடுத்தல்: வரலாறு

உடலின் செல்கள் சவ்வால் சூழப்பட்ட மிக நுண்ணிய பைகளை வெளியே விடுகின்றன. இவை புறச்செல் நுண்பைகள் எனப்படும். இவற்றுள் ஒரு வகையான எக்சோசோம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் அளவே உடையது. சிறுநீரில் உள்ள இப்பைகளைத் திரட்டி உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுத்தால், ஊசி குத்தாமலேயே சிறுநீரகம், புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் நிலையை ஓரளவு அறியலாம்.

நெடுங்காலம் இப்பைகள் குப்பையாகவே எண்ணப்பட்டன. 1967-இல் பீட்டர் உல்ஃப் இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிரும் துகள்களைத் 'தட்டணுத் தூசு' என்றே குறிப்பிட்டார். 1980-களில் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்டால் குழுவும், முதிரா சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத ஒரு புரதத்தை இப்பைகளில் வைத்து வெளியேற்றுவதைக் கண்டறிந்தன. கழிவகற்றும் வழி என்ற கருத்து இதனால் மேலும் வலுப்பட்டது.

அக்கருத்தை மாற்றியது 2007-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஹாடி வலாடி, யான் லோட்வால் குழுவினர் செய்த ஆய்வு. எலிச் செல்களின் எக்சோசோம்களை மனிதச் செல்களுடன் சேர்த்தபோது, மனிதச் செல்களில் எலிப் புரதங்கள் உருவாயின. பைக்குள் இருந்த தூது ஆர்.என்.ஏ வேறொரு செல்லில் வேலை செய்திருக்கிறது! குப்பை இவ்வாறு வேலை செய்யாது.

மனிதச் சிறுநீரில் எக்சோசோம்கள் உண்டு என்பதை பிசிட்குன், நெப்பர் முதலியோர் 2004-இலேயே காட்டியிருந்தனர். ஆனால் சிறுநீரில் ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அதில் ஆர்.என்.ஏ எப்படித் தப்பும்? பையின் சவ்வே காவல். 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பைகளை உடைக்கும் முன்பே சிதைக்கும் நொதியைச் சேர்த்து வெளியே ஒட்டியிருந்ததை அழித்தனர். உள்ளே இருந்தது எஞ்சியது. சிறுநீரக நுண்குழலின் எல்லாப் பகுதிகளுக்கும் உரிய தூது ஆர்.என்.ஏ அதில் கிடைத்தது.

பிரித்தெடுப்பதில் பெரிய தொல்லை டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம். 1950-இல் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் ஆகியோர் விவரித்த இது, சிறுநீரில் மிகுதியாக உள்ளது. இழைகளாகப் பின்னி வலைபோல் நுண்பைகளைப் பிடித்துக்கொள்கிறது. முதல் சுற்றில் செல்களை நீக்கும்போதே பைகளும் அடியில் படிந்து வீணாகும். டைதயோதிரைட்டால் என்னும் வேதிப்பொருள் டைசல்பைடு பிணைப்புகளை ஒடுக்கி அவ்வலையைத் தளர்த்துகிறது. பிறகு, புவியீர்ப்பைப் போல் 1,00,000 மடங்குக்கும் மேலான விசையில் சுழற்றிப் பைகளைப் படியவைப்பர். விலை உயர்ந்த அக்கருவி இல்லாத ஆய்வகங்களுக்காக வடிகட்டும் முறைகளும் வீழ்படிவு முறைகளும் வந்தன. வீழ்படிவு எளிது, ஆனால் தூய்மை குறைவு.

பயன் முதலில் தெரிந்தது புராஸ்டேட் புற்றுநோயில்தான். 2009-இல் நோயாளிகளின் சிறுநீர் எக்சோசோம்களில் பிசிஏ3 முதலிய குறிகாட்டிகள் காணப்பட்டன. ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு சற்றே உயர்ந்தவர்களுள் பலருக்குத் தேவையற்ற திசு ஆய்வு நடக்கிறது. இரத்தக் கசிவும் தொற்றும் அதன் இடர்கள். கடுமையான புற்றுநோய்க்கு வாய்ப்புக் குறைந்தவர்களைப் பிரித்துக்காட்டும் சிறுநீர்ச் சோதனை ஒன்றின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. சிறுநீரக நோய்களில் இம்முறை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. காலைச் சிறுநீரா, பிற நேரத்ததா, எவ்வாறு சேமிக்கப்பட்டது என்பவை கூட முடிவை மாற்றும்; இவற்றை ஒழுங்குபடுத்தும் பரிந்துரைகளைப் பன்னாட்டு நுண்பைகள் சங்கத்தின் சிறுநீர்ப் பணிக்குழு 2021-இல் வெளியிட்டது.