ஒரு பாயிண்ட், மூணு உயிர்

பழைய ரேஸ் கார்களைப் பத்திப் பேச்சு வந்தாலே "அதெல்லாம் ஜென்டில்மேன் காலம்"னு ஒரு பெருமூச்சு விடுவாங்க. நிஜம்தான். ஆனா அது பாதிக் கதை. மீதிக்கு நான் எப்பவும் காட்டறது 1958 ஃபார்முலா ஒன் சீசன்.

ஆகஸ்ட் 24, போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரம். ஊர்த் தெருவுலயே ரேஸ். வான்வால் ஓட்டின ஸ்டிர்லிங் மாஸ் முதலிடம், ஃபெராரி ஓட்டின மைக் ஹாதார்ன் ரெண்டாவது. கடைசிச் சுற்றுல ஹாதார்ன் கார் சுழன்று எஞ்சின் நின்னு போச்சு. எதிர்த்திசையில தள்ளி ஸ்டார்ட் பண்ணினார்னு அவரைத் தகுதி நீக்கம் செஞ்சாங்க. அவருக்காக வாதாடப் போனது யாரு தெரியுமா? பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கிட்டிருந்த மாஸேதான்! தள்ளினது நடைபாதையில, ரேஸ் பாதையில இல்லைன்னு சாட்சி சொன்னார். ஹாதார்னுக்கு 7 பாயிண்ட் திரும்பக் கிடைச்சுது.

சீசன் முடிவுல ஹாதார்ன் 42, மாஸ் 41. இத்தனைக்கும் மாஸ் ஜெயிச்சது 4 ரேஸ், ஹாதார்ன் ஒண்ணே ஒண்ணு. அந்த 7 பாயிண்ட் இல்லைன்னா பட்டம் மாஸுக்குத்தான். கடைசி வரைக்கும் அவர் உலக சாம்பியன் ஆகவே இல்லை.

இப்ப மீதிக் கதை. ஹாதார்ன் ஜெயிச்ச அந்த ஒரே ரேஸ் ஜூலை 6, பிரான்ஸ்ல ரீம்ஸ். அதே ரேஸ்லதான் அவரோட ஃபெராரி சகா லூயிஜி முஸ்ஸோ விபத்துல செத்துப் போனார். நாலே வாரத்துல ஜெர்மனியில நெருங்கின நண்பர் பீட்டர் காலின்ஸ், கார்லேர்ந்து தூக்கி எறியப்பட்டு மரத்துல மோதி இறந்தார். பட்டம் முடிவான மொராக்கோ ரேஸ்ல மாஸோட சகா ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் தீயில சிக்கி, ஆறு நாள் கழிச்சு இறந்தார்.

சீட் பெல்ட் கிடையாது, தீத்தடுப்பு உடை கிடையாது. எரியற கார்ல மாட்டிக்கறதுக்கு வெளியே விழறதே மேல்னு ஓட்டறவங்களே நம்பின காலம். எதிராளிக்காகப் பட்டத்தையே பணயம் வைக்கற மனுஷங்க இருந்தாங்க. ஆனா பாதையோர மரத்தைப் பத்திக் கவலைப்பட ஆள் இல்லை.

சாம்பியன் ஆன கையோட ஹாதார்ன் ஓய்வு பெற்றார். 1959 ஜனவரி 22, சாதாரண ரோட்டுல கார் விபத்துல போயிட்டார். வயசு 29.

மாஸ் 1962 குட்வுட் விபத்துல பிழைச்சு, பின்னால பல வருஷம் பழைய கார் ரேஸ்கள்ல ஓட்டினார். 2011-ல லெ மான்ஸ்ல, 81 வயசுல, தனக்கே பயம் வந்துடுச்சுன்னு சொல்லி அன்னிக்கே நிறுத்திட்டார். போர்ட்டோவுல சொன்ன சாட்சிக்கு இது கொஞ்சமும் குறைஞ்சதில்லைங்கறது என் கட்சி.

பழைய கார் ரேஸ்ல தீத்தடுப்பு உடையைப் பார்த்து "ஒரிஜினல் ஃபீல் போச்சே"ன்னு அலுத்துக்கறவங்க, 1958-ஐ ஒரு தடவை புரட்டிப் பாருங்க மக்களே.