அடைபட்ட குழாயின் கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களிடம் பேசிப் பாருங்கள், தோழர்களே. "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சோதனைக் குழாய்க் குழந்தை என்றால் அது பணக்காரர் சமாச்சாரம் என்று நாமும் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் அரசு மருத்துவமனையில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். தாய் லெஸ்லிக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. தந்தை ரயில்வேயில் லாரி ஓட்டுநர். லெஸ்லிக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் சிசேரியன் செய்து, சுமார் 2.6 கிலோ எடையில் குழந்தையை எடுத்தார்கள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை ஒரு தொழிலாளியின் மகள்.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தார். மாநில அரசு அமைத்த குழு அதை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் ஹர்ஷா பிறந்ததும் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில்தான். 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் தனியார் மருத்துவமனையில் இந்த முறையில் குழந்தை பிறந்தது. பின்னர் இந்த மருத்துவம் பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விட்டது.

கருக்குழாய் ஏன் அடைபடுகிறது? நம் நாட்டில் முக்கியக் காரணங்களில் ஒன்று காசநோய். அது நுரையீரலோடு நிற்பதில்லை, கருக்குழாயையும் தாக்கும். பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் பின் வரும் தொற்று இன்னொரு காரணம். காற்றில்லாத ஒற்றை அறையில், அரை வயிற்றோடு வாழ்பவர்களைத் தேடி வரும் நோய் காசநோய். ஊருக்கு வெளியே நெருக்கித் தள்ளப்பட்ட நம் மக்களை அது விட்டுவைக்குமா?

அரசு என்ன செய்தது? 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே சென்னை மாநில அரசு, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. போகப் போக அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுந்தது. ஏழைப் பெண்ணின் குழாயைக் கட்டக் காசு கிடைத்தது. அடைபட்ட குழாயோடு வந்தவளுக்குப் பல பத்தாண்டுகள் வழியே இல்லை.

கடன் வாங்கித் தனியாரிடம் போனாலும் பாதி கிணறுதான். இளம் பெண்களிலும் முதல் முயற்சியிலேயே குழந்தை கிடைக்காதவர்களே அதிகம். மறுபடி கட்டக் காசில்லை என்ற பயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைக்கச் சம்மதிக்கிறார்கள். இரட்டைக் கர்ப்பம் என்றால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிள்ளை, தாய்க்கு ரத்த அழுத்தம் என ஆபத்து கூடுகிறது. பிறகு பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைக்கு இன்னொரு கடன். ஒரே கருவை வைப்பதுதான் பாதுகாப்பு; அதற்கு, அடுத்த முயற்சியும் உண்டு என்ற நம்பிக்கை வேண்டும்.

ஏழைப் பெண்ணுக்கு இந்த மையங்களின் இன்னொரு கதவு திறந்தே கிடந்தது: கருமுட்டை கொடுப்பவளாக உள்ளே போகலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருமுட்டை விற்பனையைத் தடை செய்தது. 23 முதல் 35 வயதுள்ள பெண், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம் என்றது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 2022இலேயே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் திரும்பத் திரும்ப விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவது தேச நலன், அதன் சுமையை அரசே பெருமளவு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளை பெறாமலிருக்க உள்ள உரிமையைப் போலவே பெற்றுக்கொள்வதும் உரிமைதான். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது நல்ல தொடக்கம். அது ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வர வேண்டும். பிள்ளையில்லை என்று வரும் பெண்ணுக்குக் காசநோய்ப் பரிசோதனை முதலிலேயே நடக்க வேண்டும். தொழிலாளியின் மகளோடு தொடங்கிய மருத்துவம் இது. தொழிலாளியின் மகளுக்கே கிடைக்கவில்லை என்றால் நாம் கேட்காமல் யார் கேட்பது?