முன்னாள் ரோட்டரியின் புதுத் தலைவி

ரோட்டரி சங்கங்கள்ல வருஷா வருஷம் ஜூலை 1-ல புதுத் தலைவர் வருவார். மாலை, சால்வை, குரூப் போட்டோ. எனக்குப் பிடிச்ச தலைவர் 1987-ல கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கத்துக்கு வந்த சில்வியா விட்லாக். பள்ளித் தலைமையாசிரியை.

முன்கதைச் சுருக்கம்: 1977-ல ஆள் குறைஞ்சு போச்சேன்னு அந்தச் சங்கம் மூணு பெண்களைச் சேர்த்துச்சு. ரோட்டரி ஆம்பளைங்களுக்கு மட்டும்னு சொல்லி, 1978-ல தலைமையகம் சங்கத்தையே நீக்கிடுச்சு. அவங்க அசரலையே! 'முன்னாள் ரோட்டரி'ன்னு பேர் வச்சுக்கிட்டு கூட்டம் நடத்தினாங்க, கோர்ட் படியும் ஏறினாங்க. வழக்கு நடந்துக்கிட்டிருந்தப்போ, 1982-ல வந்து சேர்ந்தவங்கதான் சில்வியா.

1987 மே 4-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் சில்வியா தலைவர். ரோட்டரி சங்கம் ஒண்ணுக்குத் தலைவரான முதல் பெண்! 1989-ல ரோட்டரி விதியே மாறிடுச்சு.

ஜெயிச்சப்புறம் யாரும் சேருவாங்க. நீக்கின சங்கத்துல போய்ச் சேர்ந்தாங்க பாருங்க, அதுதாங்க எனக்குப் பெருசாத் தெரியுது.