தூசியும் பொலோனியமும்

நெகடிவில் ஒட்டிய தூசி பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஒளியை அது மறிப்பதால் அந்த இடத்தில் காகிதம் கறுப்பதில்லை. 35 மி.மீ. நெகடிவ் எட்டுக்குப் பத்து அங்குலக் காகிதத்துக்குப் போகும்போது ஏறக்குறைய எட்டு மடங்கு பெருக்கம். கண்ணுக்குத் தட்டுப்படாத இழை முகத்தின் குறுக்கே கீறலாக நிற்கும். துணியால் துடைத்தால் இன்னும் மோசம். உராய்வில் மின்னேற்றம் பெற்ற ஃபிலிம் அக்கம்பக்கத்துத் தூசியையெல்லாம் தன்மீது இழுத்துக்கொள்ளும். நவீனத்துவம் பேசுகிறவர்களுக்குத் தூசி என்றால் 1920இல் டூஷானின் கண்ணாடிமீது படிந்திருந்ததை மான் ரே எடுத்த படம்தான் நினைவுக்கு வரும். பிரிண்ட் போடுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

யுத்தத்திற்குப் பிந்தைய அமெரிக்கா இதற்குக் கண்ட பரிகாரம் விசித்திரமானது. ஸ்டாட்டிக்மாஸ்டர் என்ற பிரஷ்ஷில் மயிர்க்கற்றையை ஒட்டி ஒரு சிறு பட்டை, அதில் பொலோனியம்-210. அது உமிழும் ஆல்ஃபா துகள்கள் சில சென்டிமீட்டர் தூரத்துக்குக் காற்றை அயனிகளாக்கும். அயனிகள் ஃபிலிமின் மின்னேற்றத்தைச் சமன்செய்ய, தூசி பிடிவிட்டுப் போகும். ஒரு தாளைக்கூடக் கடக்கத் திராணியற்ற கதிர்தான்; உடலுக்குள் போனால் கதை வேறு. 2006இல் லண்டனில் லித்வினென்கோவைக் கொன்றது இதே பொருள்.

1898இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்து, அன்று தேசப்படத்தில் இடமில்லாதிருந்த போலந்தின் பெயரை இட்ட தனிமம் இது. நாற்பதுகளில் இது தேவைப்பட்டது இருட்டறைக்கு அல்ல. பெரிலியத்தோடு சேர்ந்து, புளூட்டோனியம் குண்டின் நடுவில் முதல் நியூட்ரான்களைத் தரும் திரியாக. 1945 ஜூலை 16 அன்று, நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில், அந்தத் திரி வேலை செய்தது.

சில மாதங்களில் கோடாக் கம்பெனிக்குப் புகார்கள் வந்தன. யாரும் எடுக்காமலே எக்ஸ்ரே ஃபிலிமில் கரும்புள்ளிகள். கம்பெனியின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் ஃபிலிமை விட்டு, அதைப் பொதிந்த அட்டையை ஆராய்ந்தார். வைக்கோல் அட்டை, இண்டியானாவின் வின்சென்ஸ் ஊர் ஆலையில் ஆகஸ்ட் 6ஆம் தேதி செய்தது. ஹிரோஷிமாவின் தேதி. சோதனை நடந்த இடத்திலிருந்து அந்த ஊர் ஆயிரம் மைலுக்கு மேல். குண்டின் தூசி மழையோடு ஆற்றில் இறங்கி, ஆலைத் தண்ணீர் வழியாக அட்டைக்குள் சேர்ந்திருக்கிறது என்பது வெப்பின் முடிவு. 1949இல் பிரசுரித்தார். வெளிச்சமே படாத பெட்டிக்குள் இருந்துகொண்டு படத்தைக் கெடுத்த தூசி. எந்த பிரஷ்ஷாலும் தட்டிவிட முடியாதது.

1951 ஜனவரியில் நெவாடா சோதனைகள் ஆரம்பித்தன. கோடாக் இருந்த ராச்செஸ்டரில் பெய்த பனியில் கதிரியக்கம். கம்பெனி ஆட்சேபித்தது. அணுசக்திக் கமிஷன் இறங்கிவந்து, கதிரியக்கத் தூசி எப்போது, எங்கே விழக்கூடும் என்பதை ஃபிலிம் உற்பத்தியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க ஒப்புக்கொண்டது. அதே தூசியிலுள்ள அயோடின்-131 புல்லில் விழுந்து, பசுவின் பால் வழியே குழந்தைகளின் தைராய்டு சுரப்பிக்குப் போகும். பால் வாங்கியவர்களுக்கு அப்படி எந்த முன்னறிவிப்பும் போகவில்லை. ஃபிலிமுக்காக வாதாட ஒரு கம்பெனி இருந்தது.

அந்த பிரஷ் விஷயத்துக்கு வந்தால், பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள். ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும்; பட்டையை மாற்ற வேண்டும். அதற்கும் தப்பி பிரிண்டில் விழும் வெள்ளைப் புள்ளிகளை, மெல்லிய தூரிகை நுனியில் சாயம் தொட்டு, ஒவ்வொன்றாக அடைக்க வேண்டியதுதான்.